யோகன் அண்ணை ஆள் மாற்றிய நாள்

செல்வம் விழுந்த சத்தம் வேலிக்கரையில் நின்ற எனக்கே கேட்டது.

தர்மபுரத்து மைதானத்தில் இறுதியாட்டம். இரண்டாம் பாதி தொடங்கிக் கனநேரம் ஆகியிருந்தது. முதல்நாள் பெய்த மழையில் கோல் கம்பத்துக்கு முன்னால் நிலம் கூழாகிக் கிடந்தது. எங்கள் விசுவமடு அணியின் பின்கள ஆட்டக்காரன் செல்வம், மல்லாவிப் பெடியன் ஒருவனின் காலில் இருந்து பந்தைப் பறிக்கப் போய், வழுக்கி, முழங்கால் மடிய விழுந்தான். எழும்பப் பார்த்தான். முடியவில்லை. கையை உயர்த்திக் கோட்டுக்கு வெளியே பார்த்தான்.

வெளியே மாற்று ஆட்டக்காரருக்குப் போட்ட வாங்குப் பலகையில் இருந்த என் மகன் கபிலன் எழும்பினான். மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றி வாங்கில் எறிந்தான். குனிந்து சப்பாத்து நூலை இறுக்கிக் கட்டினான்.

எங்கள் ஊர்ப் போட்டிகளில் ஆள் மாற்றுவதற்கு வெளிச்சம் போடுகிற பலகை எல்லாம் கிடையாது. பிஸ்கட் தகரத்தின் மூடியில் வெள்ளைப் பெயின்ரால் இலக்கம் எழுதி வைத்திருப்பார்கள். கோட்டருகே நின்ற உதவி நடுவர் அந்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பயிற்றுநரைப் பார்த்தார். வேலி நெடுகிலும் நின்ற சனமும் அவரைத்தான் பார்த்தது.

பயிற்றுநர் யோகன் அண்ணை திரும்பவில்லை. பின்னால் ஒருவன் ஆயத்தமாக நிற்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கழுத்தைக் கொஞ்சமும் திருப்பாமல் மைதானத்தையே பார்த்தபடி நின்றார்.

"ஆணி அண்ணை ஆளை மாத்த மாட்டார். செல்வம் நொண்டி நொண்டி விளையாட வேண்டியதுதான்" என்று பக்கத்தில் கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் தீர்ப்புச் சொன்னார்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில், உடற்பயிற்சி ரீச்சராக நான் வளர்த்த வலைப்பந்துப் பெட்டைகளின் கதைகளை எழுதி உங்களைக் களைக்க வைத்துவிட்டேன். இந்த வாரம் உதைபந்தாட்டம். மூடி கையில் இருக்கிற அந்த நடுவர் கொஞ்சநேரம் அப்படியே நிற்கட்டும். அதற்குள் சில கதைகள் சொல்ல இருக்கின்றன.

காலையில் ஒரு பேச்சு

அன்று காலை தொடக்க நிகழ்வில் பிரதம விருந்தினர் பேசினார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர். கிண்ணமும் பந்துகளும் அவருடைய அன்பளிப்பு. நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒலிவாங்கி கையில் கிடைத்தால் நல்ல மனிதர்களுக்கும் நாக்கு நீண்டுவிடுகிறது.

"உதைபந்தாட்டப் பயிற்றுநரும் போர்க்களத் தளபதியும் ஒன்றுதான்" என்று தொடங்கினார். "எங்கே தாக்குவது, எங்கே தடுப்பது, யாரை எப்போது இறக்குவது என்று எல்லாவற்றையும் ஒரே மூளை தீர்மானிக்கிறது. கட்டுப்பாடு வேண்டும். அர்ப்பணிப்பு வேண்டும். ஒருவன் வீழ்ந்தால் அவன் இடத்தில் இன்னொருவன் எழ வேண்டும்."

கைதட்டலுக்காக இடைவெளி விட்டார். பந்தலின் முன்வரிசையில் இருந்த அலுவலர்கள் தட்டினார்கள். பின்னால் இருந்த சனம் தட்டவில்லை. ஒரு தாய் மடியில் இருந்த பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தா.

வேறு ஊர்களில் இந்த ஒப்பீட்டைத் தாராளமாகச் சொல்லலாம். தொலைக்காட்சியில் சொல்கிறார்கள், புத்தகங்களில் எழுதுகிறார்கள், கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. வன்னியில் சொல்வதென்றால், பந்தலில் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

யோகன் அண்ணை பந்தலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். இடைவேளையில் பெடியளுக்குக் கொடுக்க வாங்கிய தோடம்பழப் பையை மடியில் வைத்து, அடிபட்ட பழங்களைத் தேடி எடுத்துப் புறம்பாக வைத்துக்கொண்டிருந்தார். பேச்சு முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

கேற்றில் அடித்த பந்து

என் அண்ணா நேசனும் யோகன் அண்ணையும் ஒரே வகுப்பு, ஒரே அணி. யோகன் அண்ணை தலைவர். அண்ணா இடப்பக்க முன்கள ஆட்டக்காரன். எங்கள் அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துப் பாசனத்தின் கீழ் வயல் காணி கிடைத்து இங்கே வந்தவர்கள். மகன் வயலைப் பார்ப்பான் என்று அப்பா நம்பியிருந்தார். மகனுக்கு வயல் என்றால் அறுவடை முடிந்தபிறகு விளையாடுவதற்கு ஏற்ற வெட்டை, அவ்வளவுதான்.

அண்ணாவிடம் ஒரு சோடிச் சப்பாத்துத்தான் இருந்தது. அதற்கு அவன் தேங்காயெண்ணெய் பூசுவான். அம்மா தலைக்கு வைக்க எடுத்து வைத்த எண்ணெய். "என்ர தலை காயுது, உன்ர சப்பாத்து மினுங்குது" என்று அம்மா குசினிக்குள் இருந்து கத்துவா. இன்றைக்கும் யாராவது எண்ணெய் பூசிய தலையோடு பக்கத்தில் வந்து இருந்தால் எனக்கு அண்ணாவின் சப்பாத்து மணக்கிறது. யாரிடம் இதைச் சொல்ல முடியும்?

விளையாடிவிட்டு வரும்போது வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றே பந்தை உதைப்பான். அது வந்து தகரக் கேற்றில் "டமார்" என்று அடிக்கும். அவன் வந்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம். அம்மா பேச்சைத் தொடங்கியபடியே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பா. வாய்க்காலில் விழும் பந்தை எடுத்துவருவது என் வேலை. யோகன் அண்ணை பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "தங்கச்சி, எனக்கும் ஒரு தேத்தண்ணி" என்பார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அந்த நாளில் எனக்கு வேறு பெயர் இருப்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

பிறகு இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனார்கள். எங்கே போனார்கள் என்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கேயும் யோகன் அண்ணைதான் தலைவர். சின்னதொரு அணிக்குப் பொறுப்பாக இருந்தார், அண்ணா அவருக்குக் கீழே இருந்தான் என்று கேள்விப்பட்டோம்.

ஒரு மழைக்காலத்தில் செய்தி வந்தது. சண்டையில் முன்னணியில் நின்று உயிர் விட்டான் என்று சொன்னார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அம்மா உயிரோடு இருந்த காலம் முழுவதும், கேற்றில் ஏதாவது சத்தம் கேட்டால் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பா. மாடு முட்டினாலும் பார்ப்பா. காற்றுக்கு ஆடினாலும் பார்ப்பா. பிறகு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுவா.

ஆணி அண்ணை

எல்லாம் முடிந்து, முகாம்களும் புனர்வாழ்வும் கழிந்து, யோகன் அண்ணை ஊருக்குத் திரும்பி வந்தார். ஒரு பக்கக் காது மந்தம். கச்சான் தோட்டம் செய்தார். யாரோடும் அதிகம் கதைக்கமாட்டார். என்னை வீதியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, "சுகமோ ரீச்சர்?" என்று கேட்பார். தங்கச்சி ரீச்சராகிவிட்டேன். அந்த ஒரு சொல்லில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் விழுந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. நானும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கழகத்துப் பெடியள்தான் அவரைப் பிடித்து இழுத்து வந்து பயிற்றுநராக்கினார்கள். ஆரம்பத்தில் மாட்டேன் என்றார். பிறகு ஒருநாள் மைதானத்துக்கு வந்து, ஒரு தடியால் மண்ணில் கோடு கீறி, யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார். அன்றிலிருந்து விசுவமடு அணி தோற்பது குறைந்துவிட்டது.

விருந்தினர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. நிலத்தைப் பார்க்கிற பார்வை அவருக்கு இருந்தது. எந்தப் பக்கம் சேறு, எந்தப் பக்கம் வெயில் கண்ணில் குத்தும், மற்ற அணியில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று இருந்த இடத்தில் இருந்தே சொல்லுவார். அதை எங்கே கற்றார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் கேட்பதில்லை.

ஆனால் அவருடைய வாயில் சில சொற்கள் வரவே வராது. தாக்குதல் என்று சொல்லமாட்டார், "முன்னுக்குப் போங்கோ" என்பார். எதிரணி என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கும். "மற்றப் பெடியள் எண்டு சொல்லடா" என்பார். ஆட்டம் முடிந்தால் மிச்சத் தோடம்பழங்களை மற்றப் பெடியளுக்குக் கொடுக்காமல் வரமாட்டார்.

இன்னொரு பழக்கம். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அணி ட்ரக்டர்ப் பெட்டியில்தான் திரும்பி வரும். பெட்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். தோளில் கை வைத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார். ஒருவன் கடைக்குச் சோடா குடிக்கப் போயிருந்தாலும் வண்டி நகராது. "நாங்கள் என்ன ஆடு மாடோ, எண்ணி எண்ணி ஏத்துறியள்?" என்று பெடியள் பகிடி பண்ணுவார்கள். அவர் சிரிக்கமாட்டார். எண்ணி முடிந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார். பிறகுதான் சாரதிக்குக் கை காட்டுவார்.

சனத்துக்கு விளங்காத பழக்கம் ஒன்றும் இருந்தது. அவர் ஆள் மாற்றமாட்டார்.

தொடங்கிய பதினொரு பேர்தான் முடிக்க வேண்டும். களைத்தாலும், கால் பிடித்தாலும், ஒருவன் அன்றைக்கு மோசமாக விளையாடினாலும் அவர் தொடமாட்டார். நடுவர் கேட்டால் "மாற்றம் இல்லை" என்பார். அதனால்தான் ஊர் அவருக்கு ஆணி என்று பெயர் வைத்தது. அடித்த இடத்திலேயே நிற்குமாம். பெடியளும் அதற்கு ஏற்றமாதிரி உடம்பைப் பழக்கிக்கொண்டார்கள். மற்ற ஊர் அணிகள் கடைசி நேரத்தில் நாக்கைத் தள்ள, எங்கள் ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நல்ல பெயருக்கெல்லாம் வாங்கில் இருந்தவர்கள்தான் விலை கொடுத்தார்கள். அதில் ஒருவன் என் மகன்.

கச்சான் தோட்டத்தில்

கபிலனுக்கு மாமனைத் தெரியாது. அவன் பிறப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. படத்தில் பார்த்திருக்கிறான். ஆனால் அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இடக்காலால்தான் எதையும் உதைத்தான். வவுனியாவில் வேலை பார்க்கும் என் கணவர் சனிக்கிழமைகளில் வந்து, "உங்கட ஆக்களின்ர கால்" என்று என்னைச் சீண்டுவார். நான் சிரித்துக்கொண்டே குசினிக்குள் போய் அழுவேன்.

பருவத்துக்குப் பருவம் அவன் வாங்கிலேயே இருந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போவான், துடைத்தபடியே கொண்டுவருவான். சேறு படாத அந்தச் சப்பாத்தை நான் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைப்பேன். கடைசியில் அவன் சொன்னான், "அம்மா, எனக்கு விளையாட வராதுபோல. இந்த இறுதியாட்டத்திலயும் விடாட்டி, இனி நான் பந்தைத் தொடமாட்டன்."

அவன் சொன்னால் செய்கிறவன். அந்த விசயத்திலும் மாமன் மாதிரி.

இறுதியாட்டத்துக்கு முந்திய கிழமை ஒரு பின்னேரம் நான் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் போனேன். யோகன் அண்ணை தோட்டத்தில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஈர மண் மணம் மூக்கில் ஏறியது.

"வாங்கோ ரீச்சர்."

"வாறது இருக்கட்டும் அண்ணை. என்ர பிள்ளையில என்ன குறை எண்டு சொல்லுங்கோ."

"குறை ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் வாங்கைத் தேய்ச்சுக்கொண்டு இருக்கிறான்? தாய் எண்டு கேக்கேல்லை. விளையாட்டுப் படிப்பிக்கிறவள் எண்டு கேக்கிறன். ஓட்டம் இருக்கு. இடக்கால் இருக்கு. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"நல்ல விளையாட்டுக்காரன்தான்" என்றார். ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நேசன்ர மருமகன் எண்டபடியால் உங்களுக்கு அவன்ர முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கோ? அப்பிடியெண்டால் அதைச் சொல்லுங்கோ. தனக்கு விளையாடத் தெரியாது எண்டெல்லோ அவன் நினைச்சுக்கொண்டிருக்கிறான்."

அவர் செடியைக் கீழே வைத்தார். வரம்பில் இருந்தார். நல்ல காதை என் பக்கம் திருப்பியபடி இருந்தாலும், பார்வை வேறெங்கோ இருந்தது.

"அண்டைக்கு நேசன் முன்னுக்கு நிண்டவன் இல்லை ரீச்சர்."

நானும் வரம்பில் இருந்தேன்.

"பின்னுக்கு நிண்டவன். தேவைப்பட்டால் எடுக்கிறதுக்கு எண்டு நான்தான் நிப்பாட்டி வச்சனான். விடிய முன்னுக்கு நிண்ட ஒரு பெடியனுக்குக் காயம். அந்த இடத்துக்கு ஆள் வேணும். நான் திரும்பிப் பாத்தன். அவன் எழும்பிட்டான். குனிஞ்சு சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டு நிண்டவன். நிமிர்ந்து என்னைப் பாத்துச் சிரிச்சவன், வெட்டைக்குள்ள இறங்கேக்க சிரிப்பானே, அந்தச் சிரிப்பு. நான் தலையாட்டினன்."

கீழே வைத்த செடியை மறுபடி கையில் எடுத்தார்.

"போட்டு வா, போய்த் திரும்பி வா எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரம் இருந்தது. சொல்லேல்லை. தலையை மட்டும் ஆட்டினன்."

"காயப்பட்ட பெடியன்?"

"கொண்டுபோற வழியில முடிஞ்சுது. ரெண்டு பேரும் இல்லை."

விரலில் ஒட்டிய மண்ணை வரம்பில் துடைத்தார்.

"அதுக்குப் பிறகும் கனபேரை அனுப்பினனான் ரீச்சர். அனுப்பத்தான் வேணும், அதுதான் என்ர வேலை. ஆனா வாங்கில இருந்து ஒருத்தன் எழும்பினால் எனக்கு அவன்தான் தெரியுறான். கபிலன் குனிஞ்சு நூல் கட்டினால்..." கையை விரித்தார். "அச்சு அசல் அவன். நான் எப்பிடித் திரும்பிப் பாக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். யாரில் கோபம் என்றுதான் தெரியவில்லை. தலையாட்டியவரிலா, சிரித்தவனிலா, ஒரு சொல்லும் தெரியாமலே செத்துப்போன அம்மாவிலா? முன்னணியில் நின்றான் என்று நாங்கள் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தவன், பின்னால் தன் முறைக்குக் காத்திருந்திருக்கிறான். என் மகன் மாதிரியே.

யோகன் அண்ணை ஒரு பையில் பச்சைக் கச்சான் போட்டுத் தந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அதை உப்புப் போட்டு அவித்தபோதுதான் அழுகை வந்தது. அவன் சிரித்தான் என்பதை நினைத்து நினைத்து அழுதேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அண்ணாவைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்று கிடைத்திருந்தது. அதை யாருக்கும் சொல்லாமல் நானே வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

தகர மூடி

இனி அந்த நடுவரிடம் திரும்பலாம். பாவம், மூடியோடு கனநேரமாக நிற்கிறார்.

செல்வத்தின் தாய் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதா. மலையகத்திலிருந்து அந்தக் காலத்துக் கலவரங்களில் அடிபட்டு வந்து இங்கே காணி வெட்டிக் குடியேறிய குடும்பம். "எம்புள்ள கால ஒடச்சுக்கிட்டானே, யாராச்சும் அவன வெளிய கூட்டியாங்களேன்" என்று அவ கேட்டது மைதானம் முழுவதும் கேட்டது. யோகன் அண்ணையின் மந்தக் காதுக்கும் கேட்டிருக்கும். அவர் முதுகு மட்டும் அசைந்தது. திரும்பவில்லை.

நான் கோட்டோரம் கட்டியிருந்த கயிற்றை உயர்த்திக் குனிந்து உள்ளே போனேன். பார்வையாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று ஒரு தொண்டர் கையை நீட்டினார். என்னிடம் படித்த பெட்டையின் புருசன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார்.

யோகன் அண்ணையின் பின்னால் போய், நல்ல காதின் பக்கமாக நின்றேன்.

"அண்ணை, திரும்பிப் பாருங்கோ."

அவர் அசையவில்லை.

"செல்வத்துக்கு ஏலாமக் கிடக்கு. அவனைக் கூப்பிடுங்கோ, வந்து உங்களுக்குப் பக்கத்தில இருப்பான். இவனை விடுங்கோ, விசில் அடிச்சதும் வருவான். ரெண்டு பேரும் வருவாங்கள் அண்ணை. இது பந்து விளையாட்டு. நான் இஞ்சதான் நிக்கிறன், பாத்துக்கொண்டு."

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் திரும்பினார்.

கபிலனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். என் பிள்ளைக்குப் பயம். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். யோகன் அண்ணை கையை நீட்டி வாங்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். தலையாட்டவில்லை. வாயைத் திறந்தார்.

"போட்டு வா" என்றார்.

குரல் சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இம்முறை மைதானத்துக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"போட்டு வா தம்பி!"

தகர மூடி மேலே போனது. வேலிக்கரைச் சனம் கத்தியதைப் பார்த்தால் நாங்கள் கோல் போட்டுவிட்டோம் என்று வீதியில் போனவர்கள் நினைத்திருப்பார்கள். கச்சான்காரர் கச்சான் சுருளைக் காற்றில் எறிந்தார். ஆணி கழன்றதாம்.

கபிலன் உள்ளே ஓடினான். எதிரே செல்வம் இரண்டு பேரின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தான். கோட்டில் இருவரும் கையில் கை அடித்துக்கொண்டார்கள். செல்வம் வந்து வாங்கில் இருந்தான். "முழங்கால் சரியான நோவு அண்ணை" என்று முனகினான். தண்ணீர் கேட்டான். துவாயால் முகத்தைத் துடைத்தான். கபிலன் ஒரு பந்தைத் தவறவிட்டதைப் பார்த்து, "அங்கால போடடா விசரா!" என்று இருந்த இடத்தில் இருந்தே திட்டத் தொடங்கிவிட்டான்.

யோகன் அண்ணை ஆட்டத்தைப் பார்க்கவில்லை. செல்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எடுத்த ஒருவன் தன் பக்கத்தில் வந்து இருந்து, தண்ணீர் குடித்து, வாய்க்கு வந்தபடி பேசுவதை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகக் காண்கிறார் போலிருந்தது. ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்தார். ஒவ்வொரு சுளையாக எடுத்து அவன் கையில் வைத்தார். அந்த மணம் எனக்கும் வந்தது.

கனடா விருந்தினர் பந்தலில் இருந்து இதைப் பார்த்திருப்பார். பயிற்றுநர் ஒரு மாற்றம் செய்தார் என்று மட்டும் நினைத்திருப்பார். ஒருவனை எடுத்து ஒருவனை இறக்குவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எடுத்தவன் பிறகு எங்கே போகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை நான் அவருக்குப் போய்ச் சொல்லவில்லை. நல்ல மனிதர், கிண்ணம் கொடுக்கக் காத்திருந்தார்.

கிண்ணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசி நேரத்தில் கபிலனுக்கு ஒரு அருமையான பந்து கிடைத்தது. கோல் காப்பாளன் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறான், மறுபக்கம் வெறுமை. இடக்கால். என் அண்ணாவின் இடக்கால். அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால் போய்ப் பனை வடலிக்குள் விழுந்தது. அடுத்த ஓட்டத்திலேயே மல்லாவிப் பெடியள் கோல் போட்டார்கள். விசில் ஊதியது.

எண்ணிக்கை

ட்ரக்டர்ப் பெட்டிக்கு முன்னால் வழமைபோல வரிசை நின்றது. யோகன் அண்ணை ஒவ்வொரு தோளாகத் தொட்டு ஏற்றினார். செல்வத்தை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவனையும் தொட்டார். கடைசியாகக் கபிலன் வந்தான். தலை முதல் கால் வரை சேறு. சப்பாத்தின் நிறமே தெரியவில்லை.

அவன் தோளில் கை வைத்தவர், எடுக்கவில்லை. அவனைப் பெட்டியில் ஏற்றாமல், தோளைப் பிடித்தபடியே வேலிப்பக்கம் நடத்திக் கூட்டிவந்தார். பெடியள் பெட்டியில் இருந்து எட்டிப் பார்த்தார்கள். கோல் தவறவிட்டதற்கு அடி விழப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு முன்னால் வந்து நின்றார். கபிலனின் கையை எடுத்து என் கையில் வைத்தார்.

"இந்தா தங்கச்சி" என்றார். "போட்டு வந்திட்டான்."

என் அண்ணா போன பிறகு தங்கச்சி என்ற சொல்லை அவர் என்னிடம் சொன்னதில்லை. எங்கள் வீட்டுக் கேற்றடியில் இப்படி யாராவது வந்து நின்று இந்த ஒரு வசனத்தைச் சொல்லமாட்டார்களா என்று அம்மா எட்டி எட்டிப் பார்த்த நாட்களெல்லாம் ஒன்றாக வந்து கண் முன்னால் நின்றன. அவரும் அழுதார். மறைக்கவில்லை. பிறகு முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, திரும்பிப் போய்ச் சாரதிக்குக் கை காட்டினார். ட்ரக்டர் புகையை விட்டுக்கொண்டு கிளம்பியது. பெடியள் தோற்ற அணி மாதிரியே இல்லை, கத்திப் பாடிக்கொண்டு போனார்கள்.

நான் கபிலனின் கையை விடவில்லை.

"அம்மா, நோகுது. விடுங்கோவன்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனான். "ஏன் அழுறியள்? நான் கோலை விட்டதுக்கோ?"

"ஓம்" என்றேன். "ஆளில்லாத கோலடா அது. உன்ர மாமன் கண்ணை மூடிக்கொண்டு அடிச்சிருப்பான்."

மாமனைப் பற்றி நான் அவனிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. அவன் நின்று என்னைப் பார்த்தான்.

"மாமாவும் இடக்காலோ அம்மா?" என்று கேட்டான்.

வீடு போய்ச் சேரும்வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.